மைசூரில் கண்ட கிறிஸ்துமஸ்

மெஞ்ஞானபுரத்துக் கோயிலின் கோபுரம் 192 அடி உயரம் என்பதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாய்ப்பாடு படிக்கும் வயதிலேயே மனப்பாடம் செய்துவிடுவார்கள். செம்மணல் தேரியும் பனங்காடும் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தட்டுப்படாத அந்த வெளியில், சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் ஜான் தாமஸ் ஐயர் என்ற பாதிரியார் எழுப்பிய அக்கோபுரமே எங்களுக்குத் திசைகாட்டி. எந்த ஊருக்குப் பிழைக்கப் போனவனும் டிசம்பர் கடைசி வாரத்தில் அதைப் பார்த்தபடி வந்து இறங்குவான். வராதவனைப் பற்றி ஊரில் இரண்டே கேள்விகள்தாம் கேட்பார்கள்: உடம்புக்கு ஏதேனுமா? வீட்டில் ஏதேனும் மனத்தாங்கலா? விடுமுறை கிடைக்கவில்லை என்ற பதிலை எங்கள் ஊர் இன்னும் ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளவில்லை.

சென்ற டிசம்பரில் நாங்கள் போகவில்லை. நாங்கள் என்றால் நான், என் மனைவி, மூன்றரை வயது மகள். நான் மானசகங்கோத்திரியில் ஆய்வு மாணவன். மனைவி இந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலி. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பண்டிகை நாளில் வேலை யாருக்கு விழும் என்பதைச் செவிலியர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 24ஆம் தேதி இரவு ஒன்பது மணி வரையிலும், மீண்டும் 26ஆம் தேதி காலையிலும் அவள் பணியில் இருந்தாக வேண்டும். இடையிலுள்ள ஒரு பகலில் எங்கே போய் எங்கே வருவது?

இத்தனைக்கும் ஊர் அவ்வளவு தூரமில்லை. மாலையில் மைசூரில் தூத்துக்குடி வண்டியில் ஏறிப் படுத்தால் மறுநாள் முற்பகலில் தூத்துக்குடியில் இறங்கிவிடலாம். நடுவில் வண்டி மாறவேண்டியதும் இல்லை. மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பலேறிப் போய்ப் பத்தாண்டு கழித்துத் திரும்பிய பாட்டன்மார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பிரிவை மைல் கணக்கில் அளப்பவர்கள் பிரிந்து இருந்து பார்க்காதவர்கள் என்றே நான் நினைக்கிறேன்.

வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் இதை இத்தனை பெரிதாக எண்ணியிருக்க மாட்டேன். சென்ற ஜூலையில் என் தந்தையார் காலமானார். தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாவு நேர்ந்த வீட்டில் அந்த ஆண்டு பலகாரம் சுடுவதில்லை. முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வரும். வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த முதல் கிறிஸ்துமஸில் பிள்ளைகள் எல்லோரும் தாயின் பக்கத்தில் இருப்பது வழக்கம். நானோ மைசூரில் இருந்தேன். அம்மாவும் தங்கையும் ஊரில் இருந்தார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் தொலைபேசியில் அழைத்துத் தயங்கித் தயங்கிச் செய்தியைச் சொன்னேன். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி ஐயா. வேலைதான் முக்கியம். அவள வையாத. பலகாரம் சுட வேண்டாம்; அது நமக்கு இந்த வருசம் இல்ல. ஆனா பிள்ளைக்கு நட்சத்திரம் கட்டாம விட்டுராத. உங்க அப்பா கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றாள்.

நட்சத்திரம் அப்பாவின் துறை. கடையில் மடித்து விற்கும் காகித நட்சத்திரத்தை அவர் வீட்டுக்குள் விட்டதில்லை. மூங்கில் பத்தைகளைச் சீவி, கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டி, முற்றத்து வேம்பின் உச்சிக் கிளையில் ஏற்றுவார். அந்தப் பணியில் எனக்கு வாய்த்தது பசை கிண்டும் உத்தியோகம் மட்டுமே. ஆயினும் பத்து ஆண்டு பசை கிண்டியவனுக்குக் கட்டும் முறை தெரியாமல் போகுமா?

மைசூரில் மூங்கில் பஜார் என்றே ஒரு கடைவீதி உண்டு. ஏணியும் கூடையும் தட்டியும் அடுக்கிய ஒரு கடையில் போய், எனக்குத் தெரிந்த கன்னடத்தில், நட்சத்திரம் என்று கையால் வானத்தைக் காட்டினேன். கடைக்காரர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு மூங்கிலை எடுத்துப் பிளந்தார். ஒரே அளவில் பத்துப் பத்தைகள் வெட்டினார். பிறகு நான் கேளாமலே சாண் நீளத்தில் ஐந்து துண்டுகள் வெட்டி மேலே வைத்தார். நான் வியந்து நின்றுவிட்டேன். நட்சத்திரம் கட்டியவர்களுக்குத் தெரியும்: ஐந்து பத்தையில் ஒரு நட்சத்திரம், ஐந்து பத்தையில் இன்னொன்று, இரண்டையும் முனைகளில் சேர்த்துக் கட்டி, நடுவில் ஐந்து சிறு துண்டுகளை முட்டுக் கொடுத்தால்தான் வயிறு உப்பி உள்ளே விளக்கு வைக்க இடம் உண்டாகும். அந்த ஐந்து துண்டு என் தந்தையின் இரகசியம் என்று நான் எண்ணியிருந்தேன். மைசூர்க் கடைத்தெருவிலும் அது ஒவ்வொரு டிசம்பரிலும் வெட்டப்படுகிறது!

நாங்கள் சரஸ்வதிபுரத்தில் குடியிருக்கிறோம். கீழ்த்தளம் எங்களுடையது, மாடியில் வீட்டுச் சொந்தக்காரரான ஒரு முதிய அம்மையார். மடி ஆசாரம் உடையவர். விடியுமுன் வாசலில் நீர் தெளித்து ரங்கோலி இடுபவர். என் மகள் அவரை அஜ்ஜி என்று அழைக்கிறாள். நாங்களும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டோம். அவர் வீட்டு முகப்பில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைத் தொங்கவிடலாமா என்று கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தபோது மகள் முந்திக்கொண்டாள். மாடிக்கு ஓடி, அஜ்ஜியின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து வந்து நட்சத்திரத்தைக் காட்டினாள். அவர் அதைச் சுற்றி வந்து பார்த்து, "சென்னாகிதே" என்றார். நன்றாயிருக்கிறது என்பது பொருள். தொங்கவிடக் கொக்கியும் அவரே எடுத்துத் தந்தார்.

இங்கே மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் மன்றத்து மலரில் இதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நம் மொழியில் சொல்லின் முதலில் வரும் பகரம் இன்றைய கன்னடத்தில் ஹகரமாக நிற்பதை இங்குள்ள நண்பர்கள் எல்லோரும் கவனித்திருப்பீர்கள். பால் ஹாலு, புலி ஹுலி, பூ ஹூ, பத்து ஹத்து. பழங்கன்னடத்தில் இவை நம்முடையவை போலவே பகரத்தில்தான் தொடங்கின, இடைக்காலத்தில்தான் மாறின. என் மகளுக்கு இந்த வரலாறு ஒன்றும் தெரியாது. அவள் மழலையர் பள்ளிக்குப் போகிறாள். வீட்டுக்குள் பாலும், படியேறினால் ஹாலும் குடிக்கிறாள். என் மனைவிக்கு இதில் உள்ளூரக் கவலை உண்டு. "இவ நம்ம ஊருக்குப் போய் ஆச்சிகிட்ட என்ன பேசுவா?" என்று கேட்பாள். நான் மொழியியல் சொல்லிச் சமாளிப்பேன். அவள் கவலை மொழியியலுக்கு அடங்குவதன்று.

24ஆம் தேதி வந்தது. எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் என்றால் அது பவனிதான். நள்ளிரவில் பாடகர் குழு வீடு வீடாக வரும். கதவைத் தட்டிப் பாடும். உறங்கிக் கிடக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். காணிக்கையும் கட்டங்காப்பியும் கொடுப்பார்கள். கேக்கைப் பெட்டியில் வைத்து அனுப்பலாம், புத்தாடையையும் அனுப்பலாம். கதவைத் தட்டும் கையை எப்படி அனுப்புவது? அதற்கு ஒரு தெரு வேண்டும். அந்தத் தெரு எங்களுக்கு இங்கே இல்லை.

இதை மன்றத்து நண்பர்கள் சிலரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான், இரவு ஒன்பதரை மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மனைவி வேலை முடித்து அப்போதுதான் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் ஏழு பேர். அவர்களில் கிறிஸ்தவர் இருவர்தாம். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கஞ்சிராவுடன் நின்றார். மேலப்பாளையத்து நண்பர் தலையில் பஞ்சு ஒட்டிய தாத்தா வேடம் புனைந்திருந்தார்.

எனக்கு மகிழ்ச்சி வரும் முன் அச்சமே வந்தது. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைதான், நெடுங்காலமாக மைசூரில் வாழும் ஒரு தமிழ்ப் பெரியவர் 1991ஆம் ஆண்டு டிசம்பரைப் பற்றிச் சொல்லியிருந்தார். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளியானதை ஒட்டி டிசம்பர் 12, 13 தேதிகளில் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் தமிழர் தாக்கப்பட்ட ஆண்டு அது. பன்னிரண்டே நாளில் கிறிஸ்துமஸ் வந்தது. "அந்த வருஷம் நாங்க கதவைச் சாத்திக்கிட்டு, வாய்க்குள்ளேயே பாடினோம்" என்றார் அவர். அதைச் சொல்லிவிட்டு உடனே, தம்மைத் தம் வீட்டில் நான்கு நாள் வைத்துக் காத்தவரும் ஒரு கன்னடக்காரரே என்றும் சொன்னார். இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஆகவே நண்பர்களை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்த முனைந்தேன். தஞ்சாவூர்க்காரர் ஒப்பவில்லை. "உள்ளே வந்து பாடினால் அது கச்சேரி, வாசலில் பாடினால்தானே பவனி?" என்றார். வாசலிலேயே தொடங்கிவிட்டார்கள். வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த பழைய கீர்த்தனை ஒன்று. சாஸ்திரியாரே திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, சிறுவனாக ஷ்வார்ட்ஸ் ஐயரோடு ஊரைவிட்டுத் தஞ்சைக்குப் போனவர். சரபோசி மன்னரின் அவையில் புலவராக விளங்கியவர். பெத்லகேமைக் குறவஞ்சியாகவே பாடியவர் அல்லவா! அப்பாட்டின் இரண்டாம் அடியில் என் மனைவி சேர்ந்துகொண்டாள். செவிலிச் சீருடையைக்கூட அவள் மாற்றியிருக்கவில்லை. குரல் நடுங்கிற்று, பின்பு நிலைத்தது. எங்கள் திருமணத்துக்குப் பின் அவள் வாய்விட்டுப் பாடி நான் கேட்டது அன்றுதான்.

மாடியில் விளக்கு எரிந்தது. எதிர்வீட்டுச் சன்னலும் திறந்தது. பாட்டு முடிந்ததும் ஒருவரும் பேசவில்லை. அஜ்ஜி கம்பளியைப் போர்த்திக்கொண்டு படியிறங்கி வந்தார். கடைசிப் படியில் அமர்ந்தார். "ஹாடி" என்றார். எங்களுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. அவர் கையால் தாளமிட்டுக் காட்டி மறுபடியும், "ஹாடி, ஹாடி" என்றார்.

பாடுங்கள்! பகரம் ஹகரமாகும் விதி என்று ஆய்வுக்கட்டுரைக்காரன் போல் நான் ஒப்பித்துக்கொண்டிருந்த அதே விதிதான். என் மகள் எனக்கு முன்னால் புரிந்துகொண்டு, "அப்பா, அஜ்ஜி பாடச் சொல்றாங்க" என்று மொழிபெயர்த்தாள். மேலும் மூன்று பாட்டுப் பாடினார்கள். மேலப்பாளையத்துத் தாத்தா ஆடிய ஆட்டத்தை இங்கே வருணிக்கமாட்டேன். அவர் அடுத்த மாதம் ஆய்வேடு சமர்ப்பிக்க இருப்பவர்.

அன்றிரவே எல்லோரும் சேர்ந்து புனித பிலோமினா பேராலயத்தைப் பார்க்கப் போனோம். கிறிஸ்துமஸ் இரவில் மைசூர் நகரமே அங்கே திரள்கிறது. தலையில் மல்லிகை சூடியவரும் பர்தா அணிந்தவரும் குடிலைப் பார்க்க வரிசையில் நிற்கிறார்கள். 1933 அக்டோபர் 28ஆம் நாள் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய கோயில் அது. ஜெர்மனியிலுள்ள கொலோன் பேராலயத்தை நினைவூட்டும்படி கட்டப்பட்டது. இரட்டைக் கோபுரமும் 175 அடி. எங்கள் ஊர்க் கோபுரம் பதினேழு அடி கூடுதல் என்று மனைவியிடம் சொன்னேன். "நம்மது ஒன்னு; இது ரெண்டுல்லா?" என்று அவள் கணக்கைத் தீர்த்துவிட்டாள்.

பலருக்குத் தெரியாத செய்தி, அக்கோயிலின் முழுப்பெயரில் புனித சூசையப்பரும் இருக்கிறார் என்பது. குடிலின் முன் நின்றபோது நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையைப் பற்றியும் தாயைப் பற்றியும் ஆயிரம் பாட்டுக்கள் உள்ளன. தடியூன்றி ஓரமாக நிற்கும் இந்த மனிதரைப் பாடியவர் மிகக் குறைவு. இவர் பெத்லகேமுக்குப் போனது அயலூருக்கு அன்று. தாவீதின் வழிவந்தவர் ஆகையால் குடிமதிப்பு எழுதத் தம் முன்னோர் ஊருக்கே போனார். நாம் டிசம்பரில் வண்டி ஏறுவது போலவே போனார். அந்தச் சொந்த ஊரில்தான் இவருக்கு இடம் கிடைக்கவில்லை. பார்க்க வந்தவர்களோ முன்பின் அறியாத மேய்ப்பர்கள். பிறகு கீழ்த்திசையிலிருந்து வந்த அயல்நாட்டார். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். சொந்த ஊரில் இருந்துகொண்டு கேட்டவரையில் இந்தப் பகுதி என் காதில் விழுந்ததில்லை.

காலையில் வெஸ்லி பேராலயத்துக் கன்னட ஆராதனைக்குச் சென்றோம். 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிகரும் மெதடிஸ்டுகளும் பிறரும் சென்னையில் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபையை உண்டாக்கியிராவிட்டால், திருநெல்வேலியிலிருந்து வந்த எங்களுக்கு மைசூர் வெஸ்லியன் கோயில் வேறொரு சபையாக இருந்திருக்கும். இன்று வழிபாட்டு ஒழுங்கு ஒன்றே. ஆகவே கன்னடம் அரைகுறையாகத் தெரிந்தாலும், இப்போது பாவ அறிக்கை, இப்போது விசுவாசப் பிரமாணம் என்று எழுந்து நிற்கவும் முழந்தாளிடவும் தெரிந்தது. தேவதூதர் வாக்கியத்தை வாசித்தபோது மகிமை, சமாதானம் என்ற இரு சொற்களும் நம் வேதத்தில் உள்ளபடியே காதில் விழுந்தன. கர்த்தருடைய ஜெபத்தை நாங்கள் தமிழில் முணுமுணுத்தோம். நடுவில் நின்ற மகள் இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு கண்ணையும் மூடிக்கொண்டாள்.

வீடு திரும்பியபோது வாசலில் துணி போட்டு மூடிய ஒரு பெரிய தட்டு இருந்தது. மனைவியோடு வேலை பார்க்கும் மங்களூர்க் கத்தோலிக்கப் பெண்மணி கொண்டுவந்து வைத்திருந்தார். குஸ்வார் என்று அவர்கள் சொல்லும் பண்டிகைப் பலகாரத் தட்டு. மூடியை எடுத்தால் மேலே இருந்தது அச்சுமுறுக்கு! அவர்கள் அதைக் கொக்கிசான் என்கிறார்கள். பெயர் வேறு, அச்சு அதே அச்சு. துக்க வீட்டில் பலகாரம் சுடுவதில்லை, பிறர் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற எங்கள் ஊர் வழக்கத்தை யாரும் அவரிடம் சொல்லவில்லை. மனைவி அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

மாலையில் அந்தப் பெண்மணி தம் பாட்டியாருடன் வந்தார். எண்பது வயதைக் கடந்த அந்தப் பாட்டியார், மைசூர் தங்களுக்குப் புதிய ஊர் அன்று என்று கூறிச் சிரித்தார். அவர் சொன்னது பழங்கதை. 1784இல் திப்பு சுல்தான் கனராக் கரைக் கத்தோலிக்கரைக் குடும்பம் குடும்பமாகச் சிறைப்பிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திவந்தார். கோயில்கள் இடிக்கப்பட்டன, குருமார் வெளியேற்றப்பட்டனர். 1799 மே 4இல் கோட்டை வீழ்ந்த பின்பே எஞ்சியவர்கள் ஊர் திரும்பினர். கணக்குப் போட்டால் பதினைந்து கிறிஸ்துமஸ். இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த பயணத் தொலைவில். இந்நாளில் இவ்வரலாற்றை எடுத்துப் பேசுகிறவர்களில் பலர் வேறு ஏதோ பழி தீர்க்கவே பேசுகிறார்கள். பாட்டியார் அப்படிப் பேசவில்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகந்தான் இருந்தது: குருவும் கோயிலும் இல்லாத இடத்தில் தேதியை யார் நினைவில் வைத்துக்கொண்டிருப்பார்கள்? "தாய்மார்தாம்" என்று தாமே விடையும் சொல்லிக்கொண்டார்.

அன்றிரவு அம்மாவை அழைத்தோம். மகள் செல்பேசியைப் பிடுங்கிக்கொண்டு நட்சத்திரத்தை, அச்சுமுறுக்கை, அஜ்ஜியை, தாத்தா ஆடிய ஆட்டத்தை இரு மொழியும் கலந்து மூச்சுவிடாமல் சொன்னாள். "ஆச்சி, ஹாடி!" என்று கட்டளையும் இட்டாள். பெயர்த்துச் சொல்ல நான் வாயெடுக்குமுன் அம்மா பாடத் தொடங்கிவிட்டாள். ஒரு சரணத்தோடு நிறுத்தி, "பிள்ள பேசுறது பாதிதான் விளங்குது. அவுக தாத்தா இருந்திருந்தா இந்நேரம் கன்னடப் புஸ்தகம் வாங்கி உக்காந்திருப்பாக" என்றாள். ஜூலைக்குப் பிறகு அம்மா அவரைப் பற்றிச் சிரித்துக்கொண்டு பேசியது அதுவே முதல் தடவை.

தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது. வீட்டிலோ பலகாரம் இல்லை. நவம்பரில் அம்மா அனுப்பியிருந்த கருப்பட்டியும் பனங்கற்கண்டும் டப்பாவில் இருந்தன. மனைவி அதைத் தட்டு நிறையப் பரப்பி மங்களூர் அம்மையாருக்கு ஒரு பங்கும், ஒரு கிண்ணத்தில் மாடிக்கு ஒரு பங்கும் கொடுத்தாள். அஜ்ஜி கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, இது எந்த மரம் என்று விசாரித்தார். பனை என்றால் என்ன என்பதை விளக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

ஜனவரி 6ஆம் தேதி நட்சத்திரத்தை அவிழ்ப்பதற்கு நாற்காலி போட்டு ஏறினேன். மாடியிலிருந்து அஜ்ஜி குரல் கொடுத்தார். சங்கராந்திக்கு அவர் எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்து ஊரெல்லாம் கொடுப்பார். அன்றைக்கும் வாசலில் விளக்கு எரியட்டுமே என்றார். நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டேன்.